பரிவேட்டைப் பக்கத்துக்கு நான் போட்ட பூட்டு

இணையதள வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது மேடம் என்றுதான். சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற நாளில் நல்லதாக இருந்தவை இன்று பழைய இரும்புக் கடையில்கூட விலை போகாது. எப்படியெல்லாம் சொதப்பலாம் என்று கேளுங்கள், அதில் நான் கைதேர்ந்தவள். மென்பொருள்தான் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது, சொதப்பும் விதங்கள் அப்படியேதான் இருக்கின்றன. என் மனசுக்கு மிகவும் நெருக்கமான சொதப்பல் ஒன்றை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிக்கூடம் என் பொறுப்பில் இருந்தது. சம்பளம் வந்தது அதற்கு. பெயர் வந்தது வேறொன்றுக்கு. தொண்ணூறுகளின் கடைசியில், இலவசமாக இடம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தளத்தில் எனக்கென்று ஒரு வலைத்தளம் தொடங்கினேன். முகப்பில் ஒரு ரோஜாப்பூ, வந்தவர்களை எண்ணிக் காட்டும் ஒரு பெட்டி, வலமிருந்து இடமாக ஓடும் நல்வரவு, ‘பணி நடைபெறுகிறது’ என்ற பலகைக்குக் கீழே மண்வெட்டியோடு தோண்டிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன மனிதன். அவன் ஆறேழு வருஷம் ஓயாமல் தோண்டினான். அந்தக் காலத்தில் எல்லார் வலைத்தளத்திலும் அவன் வேலை பார்த்தான். உள்ளே இருந்த விஷயம் மட்டும் உருப்படியானது. அதன் தலைப்பு, ‘பெருமாள் இப்போது எங்கே?’

எங்கள் சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாளுக்குக் கோயிலில் கால் தரிக்காது. மாதம் தவறாமல் ஏதாவது ஒரு புறப்பாடு இருக்கும். எந்தத் தெரு, எந்த வாகனம், எத்தனை மணி என்பது உள்ளூர்க்காரர்களுக்கே குழப்பம். பம்பாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் லீவு போடுவதற்கு முன்னால் வீட்டுக்கு போன் செய்து கேட்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். என் வீட்டுக்காரர் உற்சவ காரியங்களில் கூடமாட ஒத்தாசை செய்கிறவர் என்பதால் அச்சடித்த பத்திரிகை முதலில் எங்கள் கூடத்துக்குத்தான் வரும். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான் ஆரம்பம்.

அவை எல்லாம் நிலையான பக்கங்கள். யாராவது ஒரு திருத்தம் சொன்னால் மின்னஞ்சலில் சொல்ல வேண்டும், நான் கல்லூரி முடிந்து வந்து, தொலைபேசி இணைப்பு கீச்சுக் கீச்சென்று கத்தி முடிக்கும் வரை காத்திருந்து, பக்கத்தைத் திருத்தி ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்கு போன் செய்தவர்களெல்லாம் என் வீட்டுக்காரரிடம் அப்புறம் குறைப்பட்டுக்கொள்வார்கள். எனக்கு அதெல்லாம் பெருமையாகவே இருந்தது. அந்தப் பக்கங்களில் ஒரு கால்புள்ளிகூட என் அனுமதியில்லாமல் அசையாது. தப்பு இருந்தால் அது என் தப்பு, சரியாக இருந்தால் அது என் சாமர்த்தியம்.

பிறகு மகளின் பிரசவத்துக்குப் புனேவுக்குப் போய் இரண்டு மாதம் இருந்தேன். பேத்தியைக் குளிப்பாட்டுவதா, பக்கத்தைத் திருத்துவதா? பக்கம் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து அஞ்சலைத் திறந்தால் பெங்களூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். என் பக்கத்தை நம்பிக் குடும்பத்தோடு வந்தார்களாம், குறிப்பிட்ட தெருவில் மூன்று மணி நேரம் நின்றார்களாம், அந்த வருஷம் பெருமாள் வேறு தெருவழியாகப் போய்விட்டாராம். ‘தெருவை நன்றாகச் சேவித்தோம், மிக்க நன்றி’ என்று முடித்திருந்தார். கோபமாகத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த நன்றியைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விக்கி என்ற ஒன்றைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். வாசிக்கிற யாரும் திருத்தலாம், திருத்தியது உடனே தெரியும், பழையது அழியாமல் பின்னால் இருக்கும். என் முதல் வேலையில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேலதிகாரி ஒருவர் இருந்தார். இயந்திரம் புதிதாகத் தப்பு எதையும் செய்யாது, நீ செய்யப்போகும் தப்பைச் சீக்கிரமாகச் செய்து கொடுக்கும் என்பார். அவர் குரல் காதில் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டு, கோடை விடுமுறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக விக்கிக்கு மாற்றினேன். அதுவரை என் பக்கத்தைப் படிக்க ஒரு எழுத்துருவைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது, அந்தத் தொல்லையும் ஒழிந்தது. ரோஜாப்பூவைக் கைவிட்டேன். மண்வெட்டிக்காரனுக்கும் ஓய்வு கொடுத்தேன், அவனை அழிக்கும்போது மட்டும் மனசு கொஞ்சம் என்னவோ செய்தது.

திறந்து வைத்த முதல் மாதம் திருவிழாதான். ஆங்கில எழுத்தில் தமிழ், தமிழ் எழுத்தில் ஆங்கிலம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஒருவர் கோயில் இட்லிக்குச் சுக்கும் மிளகும் எவ்வளவு போட வேண்டும் என்று எழுதினார். அடுத்தவர் அது தப்பு என்று எழுதினார். ஒரு அப்பா கருட சேவைப் பக்கத்தின் அடியில் தன் பெண்ணுக்கு வரன் தேவை என்று நட்சத்திரத்தோடு போட்டுவிட்டார். நான் அதைத் தனிப் பக்கத்துக்கு மாற்றினேன். அந்தப் பெண்ணுக்கு அதன் வழியாகவே இடம் அமைந்து, கல்யாணப் பத்திரிகை எனக்கும் வந்தது.

வாலாஜாபாத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரௌசிங் சென்டர் வைத்திருந்த பர்வீனும் அப்படித்தான் வந்து சேர்ந்தாள். பெருமாள் வாலாஜாபாத் வழியாகப் போகும்போது அவள் கடை வாசலில்தான் போக்குவரத்து நிற்கும், அன்றைக்கு அவளுக்கு வியாபாரமே கிடையாது. அதனால் அவர் எப்போது வருவார், எப்போது போவார் என்று அவளைவிடக் கவனமாகக் கடிகாரம் பார்க்கிறவர்கள் யாருமில்லை. என் விக்கியில் நிமிஷக் கணக்கோடு எழுதிய ஒரே ஆள் அவள்தான்.

ஒரு விசித்திரத்தை மெதுவாகத்தான் கவனித்தேன். எல்லாரும் எழுதினார்கள், யாரும் எதையும் அழிக்கவில்லை. ஒரு நேரம் தப்பென்று தெரிந்தால் அதற்குக் கீழே தங்களுக்குத் தெரிந்த நேரத்தை எழுதிவிட்டுப் போனார்கள். ஒரே இடத்துக்கு ஐந்து நேரம். வெளிநாட்டில் இந்த விக்கியைக் கண்டுபிடித்தவர்கள் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துச் சண்டை போடுவார்கள் என்று பயந்துதான் எல்லா ஏற்பாடும் செய்திருந்தார்கள். எங்கள் ஊரில் அந்தச் சண்டை வரவே இல்லை. இப்படி ஒரு மரியாதை வரும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காரணத்தைச் சொன்னவர் ஏழுமலை. எங்கள் கல்லூரிப் பணிமனையில் பயிற்றுநர், வாலாஜாபாத்துக்கு அப்பால் பாலாற்றங்கரையோரம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். அவர் ஊருக்கான நேரம் பக்கத்தில் தப்பாக இருந்ததால், அழித்துவிட்டுச் சரியானதை எழுதச் சொல்லி அவரை என் மேஜையில் உட்கார வைத்தேன். சுட்டியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

“சாமி வர்ற நேரம்னு ஒருத்தர் எழுதி வெச்சிருக்காரு. அத நான் போயி அழிச்சா, அவங்க வீட்டுப் பந்தக்காலைப் புடுங்கினா மாதிரி ஆயிடும் மேடம். நீங்க அழிங்க, உங்க எடம்.”

ஆக, அழிக்கிற பாவம் முழுவதும் என் தலையில் விழுந்தது. பெருமாளின் பெயர் எழுதிய வரிகளை வாரம் தவறாமல் நீக்கிக்கொண்டிருந்தேன். விக்கிக்கு மாறியது வேலையைக் குறைக்க என்று வீட்டில் சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரர் அதைத் தினமும் ஒரு முறை ஞாபகப்படுத்துவார்.

இப்போது பரிவேட்டைக்கு வருகிறேன். பொங்கலுக்கு மறுநாள் பெருமாள் வேட்டைக்குக் கிளம்பி, வாலாஜாபாத் வழியாகப் பாலாற்றங்கரைக்குப் போவார். மலைமேல் ஏறி இறங்கி, மாலையில் ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் சேர்வார். காஞ்சிபுரத்திலிருந்து அங்கே போய்ச் சேரும் வரை வழியெல்லாம் மண்டகப்படிகள். ஒரு குடும்பம் சாலையோரம் பந்தல் போட்டு நிற்கும், பெருமாளின் பல்லக்கு அங்கே நிற்கும், மாலையும் தேங்காயும் பொங்கலும் சமர்ப்பிப்பார்கள், கூடியிருப்பவர்களுக்குப் பிரசாதம் கிடைக்கும். ஒவ்வொரு பந்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகும். பத்திரிகையில் போட்ட நேரத்துக்குப் பெருமாள் வந்தார் என்று இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஏழுமலையின் வீட்டிலும் ஒரு மண்டகப்படி உண்டு. அவர் அப்பா நடத்தியது. அவர் காலமாகி, அந்த வருஷம்தான் முதல் முறையாக ஏழுமலையின் கைக்கு வந்தது. அந்த வழியில் ஒரு வழக்கம் இருக்கிறது. பல்லக்கு வரும்போது பந்தலில் குடும்பத்து ஆள் நின்று வரவேற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பல்லக்கு நிற்காது. ஒரு தடவை நிற்காமல் போய்விட்டால், அடுத்த வருஷம் அந்த முறையை வேறு வீட்டார் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்பதற்கு அந்த ஊரில் இரண்டு வீட்டார் தயாராக இருந்தார்கள். ஏழுமலை ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்று பணிமனையில் எல்லாரும் கேலி செய்தார்கள், நானும் செய்தேன்.

போகிக்கு முதல் நாள் பரிவேட்டைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஏழுமலையின் ஊருக்கு நேராக ஒன்பதரை, பத்தரை, பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசையாக இருந்தது. கடைசியில் ஒருவர், ‘எப்போதும் லேட்தான், இரண்டு மணிக்கு வந்தால் போதும்’ என்று அறிவுரை வேறு சொல்லியிருந்தார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். பெங்களூர்க்காரரின் நன்றி எனக்கு இன்னும் ஆறவில்லை. கடந்த மூன்று வருஷத்தில் உண்மையில் எப்போது வந்தார் என்று பர்வீனின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தேன். பதினொன்று என்று வந்தது. மற்ற எல்லா வரிகளையும் நீக்கினேன். ஒரு ஊருக்கு ஒரு நேரம். பக்கம் கழுவித் துடைத்த சமையலறை மாதிரி இருந்தது. திரும்பவும் யாராவது வந்து இரைத்துவிடக் கூடாதே என்று, பண்டிகை முடியும் வரை யாரும் திருத்த முடியாதபடி பூட்டிவிட்டேன்.

அன்று இருந்த நிலையில் உங்களில் பலரும் அதைத்தான் செய்திருப்பீர்கள். குப்பையாகிவிட்ட ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்து பூட்டுவது பொறுப்பான காரியமாகத்தான் தெரியும். எனக்கு நிஜமாகவே மனசு நிம்மதியாக இருந்தது. ஏழுமலை போன் செய்து பதினொன்றுதானா மேடம், நம்பலாமா என்று கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்றேன்.

அவர் நம்பினார். காஞ்சிபுரத்தில் ஒரு பூக்கடையில் ஆளுயர ரோஜா மாலை சொல்லி வைத்திருப்பதாக அதே போனில் சொன்னார். காலை ஒன்பதுக்குத்தான் கட்டி முடியும். பத்துக்குள் பைக்கில் ஊர் திரும்பிவிடலாம், ஒரு மணி நேரம் கையில் இருக்கும். அவர் போட்ட கணக்கில் தப்பே இல்லை, பதினொன்று என்பதைத் தவிர.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கனு. மொட்டை மாடியில் மஞ்சள் இலை விரித்து, மஞ்சள் சாதமும் சிவப்புச் சாதமும் உருட்டி வைத்து, உடன்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு காக்கையைக் கூப்பிடுவோம். எனக்கு அண்ணன் தம்பி நாலு பேர், அதனால் உருண்டைகளும் அதிகம். அதை முடித்துக் குளித்து, அடுப்பில் சாதத்தை ஏற்றிவிட்டு, ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் கணினியைத் திறந்தேன். பர்வீனின் மின்னஞ்சல் முக்கால் மணி நேரமாகக் காத்திருந்தது. பெருமாள் எட்டு மணிக்கே வாலாஜாபாத்தை விட்டுக் கிளம்பிவிட்டார் என்றும், பக்கம் பூட்டியிருப்பதால் அஞ்சலில் சொல்வதாகவும் எழுதி, தன் கைப்பேசி எண்ணையும் கொடுத்திருந்தாள்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். கிளம்பினால் என்ன, வழியில் மூன்று பந்தல் இருக்கிறதே, பதினொன்று ஆகத்தானே செய்யும் என்றேன்.

“அந்த மூணும் இந்த வருஷம் இல்ல மேடம். மூணு வீடும் ஒரே பங்காளிங்க. அவங்கள்ல ஒரு பெரியவரு போன வாரம் மவுத்தாயிட்டாரு, மூணு வீட்டுக்கும் தீட்டு. பந்தலே போடல. நேரா போயிக்கினே இருப்பாரு.”

இது அவளுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

“முந்தாநாளே தெரியும் மேடம். போடலாம்னுதான் வந்தேன். பூட்டியிருந்துச்சு. நீங்க பூட்டியிருக்கீங்கன்னா உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் பூட்டியிருப்பீங்கன்னு நெனச்சிக்கினேன்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள், நான் எழுத வந்ததே இதற்காகத்தான். பூட்டினால் தப்பு உள்ளே வராது என்று மட்டும்தான் நான் யோசித்தேன். பூட்டைப் பார்க்கிறவர்கள், பூட்டியவளுக்கு எல்லாம் தெரியும் என்று முடிவு செய்துகொள்வார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பர்வீன் மாதிரி நிமிஷக் கணக்குப் பார்க்கிறவளே தனக்குத் தெரிந்ததை மனசிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டாள். பக்கம் குப்பையாக இருந்தபோது யாரும் அதை முழுசாக நம்பவில்லை, பக்கத்து வரியையும் பார்த்து, ஊரில் நாலு பேரையும் கேட்டுக்கொண்டார்கள். நான் சுத்தம் செய்த பிறகுதான் ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பந்தல் இல்லையென்றால் ஒன்பதரைக்குப் பெருமாள் அந்த ஊரில் இருப்பார். ஏழுமலைக்கு போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் செய்தேன். எந்தப் பூக்கடை என்று நான் கேட்டு வைக்கவில்லை, அவர் வீட்டு எண்ணும் என்னிடம் இல்லை. அந்த ஊரில் வேறு யாரையும் தெரியாது. பர்வீனுக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று, சாதம் குழைகிறது என்றார். அவரை ஒரு பார்வை பார்த்தேன், அவரே போய் அடுப்பை அணைத்தார்.

பூட்டைத் திறந்தேன். பக்கத்தின் தலைப்பிலேயே, பெரிய எழுத்தில், அவமானத்தைப் பார்க்காமல் எழுதினேன்: ‘பதினொன்று என்று நான் போட்டது தப்பு. பெருமாள் ஒன்பதரைக்கே வந்துவிடுவார். ஏழுமலை மாலை வாங்கக் காஞ்சிபுரம் போயிருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் பார்த்தால் உடனே அவர் வீட்டுக்குச் சொல்லுங்கள்.’

பண்டிகை நாள் காலையில், பாலாற்றங்கரைக் கிராமத்துச் செய்தியை யார் இணையத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, என் வரிக்குக் கீழே ஆங்கில எழுத்தில் ஒரு வரி முளைத்தது. துபாயில் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பையன் ஒருவன். ஊருக்கு வர முடியாத வருத்தத்தில் விடிந்ததிலிருந்து அந்தப் பக்கத்தையே திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறான்.

‘சித்தப்பாவுக்கு போன் பண்ணிட்டேன் மேடம். ஓடிக்கினு இருக்காரு.’

வாலாஜாபாத்திலிருந்து எனக்கு, என்னிடமிருந்து துபாய்க்கு, துபாயிலிருந்து திரும்பவும் பாலாற்றங்கரைக்கு. கடல் தாண்டிப் போய்த் திரும்பிய செய்தி அந்தத் தெருமுனை வரை போய்விட்டது. சித்தப்பா சரியான வீட்டுக்குப் போனாரா, அங்கே யார் இருந்தார்கள், பல்லக்கு நின்றதா என்று எதுவும் தெரியாமல் அந்தக் கணினியின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து வருஷ வேலையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரம் எனக்கு இருந்ததில்லை. பத்து மணிக்குச் சற்று முன்னால் துபாய்ப் பையன் எழுதினான், பல்லக்கு நின்றதாம், எல்லாம் நல்லபடியாக நடந்ததாம். அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை. நான் முகம் கழுவிக்கொண்டு போய்க் குழைந்த சாதத்தைச் சாப்பிட்டேன்.

கல்லூரி திறந்த அன்று காலையிலேயே பணிமனைக்குப் போனேன். அவர் கோபப்பட்டால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். பூட்டியது நான், நேரத்தைத் தப்பாகச் சொன்னதும் நான், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். ஏழுமலை லேத்தை நிறுத்திவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நடந்ததை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மாலையை வாங்கிக்கொண்டு வந்தவரை வழியில் போலீஸ் நிறுத்திவிட்டது. முன்னால் சாலை முழுக்கக் கூட்டம். எதற்குக் கூட்டம் என்று எட்டிப் பார்த்தால் தூரத்தில் குடை தெரிகிறது. பெருமாள் அவருக்கு முன்னால் அவருடைய ஊருக்கே போய்க்கொண்டிருக்கிறார், மாலை பின்னால் பைக்கில் நிற்கிறது. பாக்கெட்டில் கைப்பேசி அடித்தது வழியில் பைக் சத்தத்தில் கேட்கவில்லை. அழுதுவிட்டேன் மேடம் என்று வெட்கப்படாமல் சொன்னார்.

வீட்டில் இருந்தது அவர் மனைவி சரோஜா. பந்தலுக்குப் பின்னால் கொட்டகையில், முந்நூறு பேருக்குப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தவளிடம் சித்தப்பா மூச்சிரைக்க வந்து சொல்லியிருக்கிறார். கரண்டியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கொல்லையில் பூத்திருந்த சாமந்தியை நாலு பேராகப் பறித்துத் தொடுத்திருக்கிறார்கள். பாதி மாலை கட்டுவதற்குள் பல்லக்கு வந்துவிட்டது. மண்டகப்படிக்காரர் யார் என்று அர்ச்சகர் கேட்டிருக்கிறார். கேட்டு வாங்கக் காத்திருந்த இரண்டு வீட்டாரும் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகையடித்த முகத்தோடு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சரோஜா முன்னால் வந்து நான்தாங்க என்றிருக்கிறாள். பல்லக்கு நின்றது. ஏழுமலை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தபோது பெருமாள் அடுத்த பந்தலுக்குக் கிளம்பிவிட்டார். ரோஜா மாலையை அந்த அடுத்த பந்தல் வீட்டாரிடம் கொடுத்துச் சாத்தச் சொன்னாராம்.

முறை கைவிட்டுப் போகவில்லை என்று எனக்குப் பெரிய நிம்மதி. மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையில் இருந்த எண்ணெய்யைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“பூட்டினது தப்புதான் மேடம். ஆனா நீங்க சரியான டைம் போட்டிருந்தா நான் கரெக்டா போயி நின்னிருப்பேன். அவ பின்னாடி கிண்டிக்கினு இருந்திருப்பா. கல்யாணமாயி பதினெட்டு வருஷம். எங்கப்பா காலத்துலேர்ந்து வருஷா வருஷம் அவதான் பொங்கல் செய்யிறா. பெருமாள் எங்க வாசல்ல வந்து நிக்கிறத அவ பாத்ததே இந்த வருஷம்தானாம். ராத்திரி சொல்றா. எனக்குத் தெரியவே தெரியாது மேடம்.”

பம்பாய்க்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், துபாய்க்காரர்கள் எல்லாரும் பெருமாளைத் தவறவிட்டுவிடக் கூடாது என்று இத்தனை வருஷம் பக்கம் நடத்தினேன். பந்தலிலிருந்து பத்தடி பின்னால் நிற்கிறவளை ஒரு நாள்கூட நினைத்ததில்லை. நேரம் தெரிந்துகொள்ள அவளுக்கு இணையம் தேவையில்லை, மேளம் காதிலேயே கேட்கும். கரண்டியை வாங்கிக்கொள்ள ஒரு ஆள்தான் தேவை.

அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகு பூட்டவில்லை. ஒரு ஊருக்கு ஐந்து நேரம் இருந்தால் ஐந்தும் இருக்கட்டும், யார் எப்போது எழுதினார்கள் என்று மட்டும் பக்கத்தில் தெரிய வைத்தேன். பார்ப்பதற்கு அசிங்கம்தான். என் சமையலறையும் வேலை நடக்கும்போது அப்படித்தான் இருக்கும்.

அடுத்த வருஷம் கனுவை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு, என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு அந்த ஊருக்கே போனேன். பெருமாள் எங்கே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அந்தச் சாலையில் நின்று அவரைப் பார்த்ததில்லை, அதற்காகத்தான் போனேன். பந்தலின் முன்னால் கத்தரிப்பூ நிறப் பட்டுடுத்திச் சரோஜா நின்றிருந்தாள், பக்கத்தில் தட்டோடு நாலைந்து பெண்கள். ஏழுமலையைக் காணவில்லை. எங்கே என்று கேட்டதற்கு அவள் சிரித்துக்கொண்டே பின்பக்கம் கையைக் காட்டினாள்.

கொட்டகையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு, அண்டாவின் முன்னால் ஏழுமலை கிண்டிக்கொண்டிருந்தார். புகையில் கண் சிவந்திருந்தது. தூரத்தில் மேளம் கேட்டது. கிண்டுவதை நிறுத்தாமல் தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார்.

“வந்துட்டாரா மேடம்?”

“வந்துட்டார். கரண்டியைக் கொடுத்துட்டுப் போங்க ஏழுமலை.”

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், என் பட்டுப்புடவையையும் பார்த்தார். பிறகு கரண்டியைக் கொடுத்துவிட்டு ஓடினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேளம் நெருங்கி வந்து நிற்பதையும், தேங்காய் உடைவதையும், எல்லாரும் கோவிந்தா சொல்வதையும் கேட்டுக்கொண்டே கிண்டினேன். பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. ஏழுமலையும் சரோஜாவும் தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு முதலில் பின்பக்கம்தான் வந்தார்கள்.